என் பெயரில் கிடந்த அடுத்தவர் நிலம்

பருத்திப்பட்டு தாண்டிக் கூவம் பாலத்தில் ஏறிய பிறகுதான் கை கழுவாமல் வந்துவிட்டது தெரிந்தது. விரல்களில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. ஆவடியில் அண்ணனுடைய குவார்ட்டர்ஸில் நாலு வாய் தின்றிருப்பேன். ஐந்தாவது வாய் எடுக்கும்போது அவன் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். படித்தேன், எழுந்தேன், வெளியே வந்தேன். வாசலில் எந்தச் செருப்பு யாருடையது என்று பார்க்கவில்லை. இடது காலில் என்னுடையது, வலது காலில் அவனுடையது. அவன் கால் என் காலைவிடப் பெரியது. நடக்கும்போது ஒரு பக்கம் மட்டும் தட் தட் என்று அடித்துக்கொண்டே வந்தது.

பூந்தமல்லி போகும் பஸ்கள் இரண்டு என்னைத் தாண்டிப் போயின. சட்டைப்பையில் பஸ்ஸுக்குக் காசு இருந்தது, ஏறவில்லை. கோபம் வந்தால் எனக்கு உட்காரத் தெரியாது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடியதும் அப்படித்தான். அதற்குப் பிறகு எந்த வேலையிலும் ஒரு வருஷம் முழுசாக நிற்காததும் அப்படித்தான். லாரியில் கிளீனராக இருந்தேன், கல்குவாரியில் உடைத்தேன், குண்டூரில் மிளகாய்க் கிடங்கில் மூட்டை தூக்கினேன், பெங்களூர் ஓட்டலில் மாவரைத்தேன். மஞ்சள்காமாலையோடு ஒரு மாதம் ரயில் நிலையத்தில் கிடந்தேன். இதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பசித்தது, வேலை கிடைத்தது, தின்றேன். ஆனால் அந்த மத்தியானம் எனக்கு வந்த கோபம் பசிக்காகவும் இல்லை, வேலைக்காகவும் இல்லை. நிலத்துக்காக. அதுவும் எனக்குச் சொந்தமில்லாத நிலத்துக்காக.

அண்ணன் வைத்த காகிதம் ராஜி மனு. அவன் என்மேல் போட்டிருந்த பாகப்பிரிவினை வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொள்கிறோம் என்று இருவரும் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுப்பது. குத்தம்பாக்கத்தில் என் பெயரில் இருந்த இரண்டு கிரவுண்டு மனையில் பாதி அவனுக்கு, பாதி எனக்கு. காரணமும் டைப் அடித்திருந்தது. எங்கள் அப்பா செத்த பிறகு ஊர் நிலத்தை விற்றதில் வந்த பணத்தை நான் எடுத்துக்கொண்டு ஓடினேனாம். அதில்தான் இந்த மனையை வாங்கினேனாம். அதை இப்போது ஒப்புக்கொள்கிறேனாம். கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"ஊர் நெலத்துப் பணம் அக்கா கல்யாணத்துக்குப் போச்சு. நீதானே பக்கத்துல நின்னு செலவு பண்ண?" என்று கேட்டேன்.

"ஆமா. இப்படி எழுதினாத்தான் கேஸ் நிக்கும்னு வக்கீல் சொன்னாரு" என்றான். சொல்லிக்கொண்டே ரசத்தை ஊற்றினான். அப்பா பார்த்த தொழிற்சாலை வேலை, அப்பா செத்த பிறகு வாரிசு என்று அவனுக்குக் கிடைத்தது. இருபது வருஷமாக அதே கேட், அதே ஷிப்ட். பொய்யைக்கூட அவனால் ஷிப்ட் கணக்கில் நிதானமாகச் சொல்ல முடிந்தது.

"கொழுந்தனாரு ஒத்தக் கட்டை. ஒரு கிரவுண்டு போதாதா? நாங்க ரிட்டயர் ஆனா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். புள்ளைங்களை எங்க கொண்டு போறது?" என்றார் அண்ணி.

அவர் கேட்டது நியாயம்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. அப்போதுதான் அதுவரை என் வக்கீலைத் தவிர யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அந்த மனை என்னுடையதே இல்லை, மலேசியாவில் இருக்கும் ஓர் அம்மாளுடையது, அவர் பெயரில் வாங்க முடியாததால் என் பெயரில் வாங்கியது என்று சொன்னேன்.

அண்ணன் சிரித்தான். "உன்னை நம்பியா? டேய், நான் உன்னை நம்பி சைக்கிள் குடுத்தேன். அது எங்க கீதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னான்: "அப்படி ஒருத்தி இருக்கட்டும். கோர்ட்டுல வந்து சொல்லுவாளா? சொல்ல மாட்டா. சொன்னா அவளுக்குத்தான் கேடு. அதையும் வக்கீல் சொல்லிட்டாரு."

அப்படியென்றால் அவனுக்கு முன்பே தெரியும். நான் திருடவில்லை என்பதும் தெரியும், நிலம் இன்னொருவருடையது என்பதும் தெரியும். தெரிந்தேதான் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான்.

"நீ எந்த ஊருலயாவது நெலையா இருந்திருக்கியா? மூணு வாய்தா வருவே. நாலாவது வாய்தாவுக்கு எந்த லாரில போய்கினு இருப்பியோ. அப்போ முழுசும் எனக்கே தீர்ப்பாயிடும். பாதியாவது வாங்கிக்கோன்னு கூப்பிட்டுச் சோறு போடறேன் பாரு, அதுக்கு நீ நன்றி சொல்லணும்."

அங்கேதான் எழுந்தேன்.

அந்த அம்மாளை நான் முதலில் பார்த்தது எண்பதுகளின் நடுவில். அப்போது குத்தம்பாக்கத்தில் ஒரு நிலத்தரகரிடம் வேலை செய்துகொண்டிருந்தேன். வயலை வாங்கி மனையாகப் போட்டு விற்பவர். குழி தோண்டி எல்லைக்கல் நடுவது, கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, வேலிகாத்தான் முள்ளை வெட்டுவது, ராத்திரி அங்கேயே தகரக் கொட்டகையில் படுத்துக்கொள்வது, இவை என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேனில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். எல்லோரும் குழந்தைகளோடு வருவார்கள், மூலையிலிருந்து மூலைக்கு அடி வைத்து நடப்பார்கள், கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்.

இந்த அம்மாள் ஒரு வேலை நாளில் தனியாக வந்தார். திருமழிசையில் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். உயரமானவர், கைகளில் பழைய கத்தி வெட்டுகள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர் என்று பிறகு தெரிந்தது. கிழக்கு மேற்கு எதையும் கேட்கவில்லை.

"தம்பி, மழை பேஞ்சா இங்க தண்ணி நிக்குமா?" என்று கேட்டார்.

ஓடைப் பக்கம் இருந்த மனைகளில் முழங்கால் வரை நிற்கும், இந்த வரிசையில் நிற்காது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் இந்த வரிசையில் இரண்டு கல்லுக்கு நடுவே போய் நின்று செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணை மிதித்துப் பார்த்தார்.

அவருடைய அப்பா இந்தப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் கப்பலேறியவர். அம்மாள் பிறந்தது அங்கே, தோட்டத்து லயத்தில், கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட அறைகளில் ஒன்றில். புருஷன் செத்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டப்போகிறார்கள், லயத்தை ஒரு நாள் காலி செய்யச் சொல்வார்கள் என்று பேச்சு வந்துவிட்டது. அதற்குள் இங்கே இரண்டு அறை போட்டு வந்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். வாழ்நாள் முழுவதும் தோட்டத்துக்காரனுடைய சுவருக்குள் இருந்தவருக்குத் தன்னுடையது என்று ஒரு சுவர் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் கேட்டார்.

பத்திரம் எழுதுபவர் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க வெளிநாட்டுப் பிரஜை. பம்பாய்ல பெரிய பேங்க்ல அனுமதி வாங்கிட்டு வரணும். இல்லேன்னா குத்தம்" என்றார்.

"எங்கப்பா பொறந்த ஊரு இது" என்றார் அம்மாள்.

"அவரு பொறந்தாரு. நீங்க பொறக்கலியே."

"அனுமதிக்கு எத்தன நாள் ஆகும்?"

"எழுதிப் போட்டா வரும். எப்போ வரும்னு எழுதிப் போட்டவங்களைத்தான் கேக்கணும். எனக்குத் தெரிஞ்சு யாரும் எழுதிப் போட்டதில்ல."

தரகர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "இதுக்கெல்லாம் மூஞ்சிய தொங்கப் போடாத மா. நம்ம கைல ஆளு கீறான்" என்று என்னைக் காட்டினார். "பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல, ஊடு இல்ல. குடிக்கமாட்டான். கையெழுத்து மட்டும் ஆபீஸர் மாரி போடுவான். பத்தரம் இவன் பேர்ல இருக்கட்டும், அதை உன் பொட்டில வச்சுக்கினு போ. இன்னா ஆயிடப் போவுது?"

அந்தப் பக்கத்தில் அது அன்றாட வழக்கம். தன் பெயரில் வாங்க முடியாதவர்களுக்குப் பெயர் பிடித்துக் கொடுப்பதும் அவர் தொழிலில் ஒரு பகுதி. வாரிசு இல்லாதவனுக்குத்தான் கிராக்கி. குடும்பம் இருப்பவன் பெயரில் வாங்கினால் அவன் செத்த பிறகு பிள்ளைகள் வந்து என்னுடையது என்பார்கள். என்னைப் போல எதுவும் இல்லாதவன் என்றால் வம்பில்லை. என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதன்முறையாக என்னிடம் ஒன்றும் இல்லாததை ஒரு தகுதியாக ஒருவர் சொல்லிக் கேட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த மடத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையலாம் போல இருக்கிறது.

பத்திரத்தில் வாங்குபவரின் விலாசம் வேண்டும். கொட்டகை என்று எழுத முடியாது. "கதவு நெம்பர் சொல்லு" என்றார் எழுதுபவர். எனக்குத் தெரிந்த ஒரே கதவு எண் நான் ஓடிவந்த குவார்ட்டர்ஸின் எண். அதைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். தரகரும் பார்த்தார், அம்மாளும் பார்த்தார். ஆள் இல்லாதவன் என்று என்னைப் பிடித்தவர்களில் ஒருவருக்கும் அந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. கதவு எண் என்றால் எனக்கு வெறும் எண்தான்.

பதிவு முடிந்ததும் தனியாக ஒரு முத்திரைத்தாளில், இந்த மனையை வாங்கியவர் இன்னார், என் பெயர் பேருக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பத்திரத்தையும் அதையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அம்மாள் மலேசியாவுக்குப் போனார். நான் கொஞ்ச நாளில் தரகரிடம் சண்டை போட்டுக்கொண்டு வேறு ஊருக்குப் போனேன்.

ஆனால் எங்கே இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்குப் பிறகு குத்தம்பாக்கம் வந்துவிடுவேன். முள்ளை வெட்டி, கல் நான்கும் இருக்கிறதா என்று பார்த்து, சுண்ணாம்பு அடித்து, அவருக்கு ஒரு கடிதம் போடுவேன். அவரிடமிருந்து பதில் தரகரின் கடைக்கு வரும். நலமா என்று ஒரு வரி இருக்கும். பிறகு, வேலி இருக்கிறதா, பக்கத்து மனையில் யாராவது கட்டிவிட்டார்களா, அவர்களுக்குத் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று கேட்டிருப்பார். நான் திரும்பத் திரும்பப் போன இடம் பூமியில் அது ஒன்றுதான்.

இப்படிச் சில வருஷம் போன பிறகு அந்த ஊருக்குப் பட்டா மாற்றும் வேலை வந்தது. தாலுகா ஆபீஸிலிருந்து நோட்டீஸ் அனுப்பினார்கள். பத்திரத்தில் இருந்த விலாசத்துக்கு. அண்ணன் பிரித்துப் படித்தான். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் குத்தம்பாக்கம் வந்து மனையைப் பார்த்துவிட்டுப் போனானாம். டீக்கடையில் கேட்டிருக்கிறான்: "இது என் தம்பியோடதா?" ஆமாம் என்றிருக்கிறார்கள், கூடவே மலேசியாக்கார அம்மாள் கதையையும் சொல்லியிருப்பார்கள் போல. கல்யாணம் ஆகாமல், பாகம் பிரிக்காமல் இருக்கும் தம்பி வாங்கியது குடும்பச் சொத்துதான் என்று சொல்லிக்கொடுக்க ஒரு வக்கீலும் கிடைத்தார்.

சம்மன் வந்ததும் நான் பூந்தமல்லியில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் அவருக்கு ஓர் அறை. நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இதை நீங்க கோர்ட்டுல சொல்ல முடியாது" என்றார். "பினாமிச் சட்டம்னு ஒண்ணு வந்திருக்கு. ஒருத்தர் பேர்ல வாங்கிட்டு, அது என்னோடதுன்னு இன்னொருத்தர் இனிமே கேஸ் போட முடியாது. வாதமாகவும் சொல்ல முடியாது. அதோட, அவங்க வெளிநாட்டுப் பிரஜை. அனுமதி இல்லாம வாங்கினதுன்னு நீங்களே வெளிச்சம் போட்டா, நெலம் உங்க அண்ணனுக்கும் போகாது, அவங்களுக்கும் போகாது. சர்க்கார் எடுத்துக்கும்."

"அப்போ என்ன சொல்றது?"

"நீங்க சம்பாதிச்சு வாங்கினதுன்னு சொல்லணும்."

உண்மையைச் சொன்னால் சர்க்காருக்கு. அண்ணன் சொல்லும் பொய்யை ஒப்புக்கொண்டால் அண்ணனுக்கு. நான் ஒரு பொய் சொன்னால் மட்டும் அம்மாளுக்கு மிஞ்சலாம். மூன்று வழியிலும் கோர்ட்டுக்குள் அந்த அம்மாளுக்கு இடமில்லை. வியர்வை அவருடையது, பத்திரம் அவர் பெட்டியில், ஆனால் சட்டத்தின் கண்ணில் அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை.

புதுச் சட்டம் தரகர் காதுக்கும் போயிருந்தது. திருமழிசை டீக்கடையில் என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டார். அதற்கு முன் ஒரு நாளும் அவர் எனக்கு எழுந்ததில்லை.

"வா மாமே. இப்போ நீதான் மொதலாளி. சட்டமே சொல்லிடிச்சு. அந்தம்மா இன்னா பண்ணும்? கப்பல்ல வந்து கல்லைப் புடுங்கினு போவுமா? எனுக்கு எழுதிக் குடுத்துடு, உங்க அண்ணனை நான் பாத்துக்கறேன்."

கையிலிருந்த கிளாஸை எறிந்தேன். அவர்மேல் படவில்லை, பெஞ்சில் பட்டு உடைந்தது. கடைக்காரர், "அண்ணாத்தே, சண்ட வெளிய போட்டுக்கோ, கிளாசுக்கு இன்னா வழி" என்றார். கிளாஸுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் எழுதி அம்மாளுக்குக் கடிதம் போட்டேன். அவர் விமானத்தில் வந்து இறங்கி பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் தங்கினார். திரும்பிப் போக இரண்டு நாள் இருந்தபோதுதான் அண்ணன் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டு ஆள் அனுப்பினான். அம்மாள்தான், "போய்ப் பாரு, கூடப் பொறந்தவன்தானே, மனசு எறங்கலாம்" என்று அனுப்பி வைத்தார்.

காடுவெட்டி, சென்னீர்குப்பம் எல்லாம் தாண்டி, கரையான்சாவடியில் ஒரு பைப்பில் கையைக் கழுவிக்கொண்டு, நான் லாட்ஜுக்குப் போனபோது நாலு மணி இருக்கும். கதவைத் திறந்துவைத்துக் காற்றுக்காக வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். ராஜி மனுவில் எழுதியிருந்ததையும் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கலாம்" என்றார்.

"திருடன்னு எழுதியிருக்கான்மா."

"எழுதட்டும். உனக்கு என்ன கெட்டுப்போகுது? பொண்ணு பாக்கப் போறியா? மண்ணு என்னோடது லா, தம்பி. பாதியாச்சும் மிஞ்சும். பாதில ஒரு ரூம்பு போடலாம்." அந்த மலேசிய 'லா' எப்போதாவதுதான் அவர் வாயில் வரும்.

"இத்தனை நாள் நம்பினீங்களே. இப்போ திருடன்னா பரவாயில்லையா?"

"உன்னை நம்பல" என்றார். கோபமாகத்தான் சொன்னார். "உன்கிட்ட ஒண்ணும் இல்லன்னு நம்பினேன். இப்போ பாத்தா உனக்கு அண்ணன் இருக்கான், அண்ணி இருக்கா, வீட்டு நெம்பர் இருக்கு. இதை ஏன் அன்னிக்குச் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"நீ சொல்லல."

வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த லாட்ஜ்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். இருவருமே எழுந்து நின்றிருந்தோம். அந்த அம்மாள்மேல் நான் அவ்வளவு கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். அவருக்கும் என்மேல் அப்படித்தான் இருந்திருக்கும். அவருக்கு அதற்கு உரிமையும் இருந்தது. எனக்கு இருந்ததா என்று இப்போதும் தெரியவில்லை.

கடைசியில் அவரே, "வா, வக்கீலைக் கேப்போம்" என்று கைப்பையை எடுத்தார்.

வக்கீல் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். அம்மாளைப் பார்த்ததும் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "இவங்க யாருன்னு நான் கேக்கல. நீங்களும் சொல்லல. உங்களுக்கு அத்தை முறை, கூட வந்திருக்காங்க, சரியா?" என்றார்.

அத்தையாக உட்கார்ந்து அம்மாள் கேட்டார்: "பாதியைக் குடுத்து முடிச்சுக்கலாமா?"

"முடிக்கலாம். மீதி பாதி இவரு பேர்ல இருக்கும். ஆனா குடும்பப் பணத்துல வாங்கினதுன்னு இவரே எழுதிக் குடுத்தாச்சு. நாளைக்கு அவங்க அக்கா வந்து எனக்கும் பங்குன்னு கேட்டா எதை வெச்சு மறுக்கறது? அதெல்லாம் விடுங்க. இவருக்கு அப்புறம் அந்தப் பாதி யாருக்கு? பொண்டாட்டி புள்ள, தாய் தகப்பன் இல்லாதவன் சொத்து கூடப் பொறந்தவங்களுக்குத்தான் போகும்."

அம்மாள் என்னைப் பார்த்தார். "வாரிசு இல்லாதவன்னு பாத்துத்தானே புடிச்சோம்" என்றார்.

"வாரிசு இல்லாத ஆளே கெடையாதும்மா. சட்டம் எங்கயாவது தேடி ஒருத்தனைக் கொண்டாந்து நிறுத்தும்."

"இவன் எனக்கு எழுதி வெக்க முடியாதா?"

"உயில் எழுதலாம். உயில் வழியா வர்றதுன்னா அனுமதி கேக்க ஒரு வாசலாவது இருக்கு. ஆனா இவரு காலத்துக்கு அப்புறம்தான்."

"இவன் செத்தாத்தான் எனக்கு நெலமா?" அம்மாள் சிரித்துவிட்டார். அந்த நாளில் அவர் சிரித்தது அப்போதுதான். "நான் இவனுக்கு இருவது வயசு மூத்தவ லா."

வக்கீலும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறையில் மூன்று பேர் உட்கார்ந்து, யார் முதலில் செத்தால் யாருக்கு எவ்வளவு என்று பேசிக்கொண்டிருந்தோம். ரப்பர் மரத்தில் முப்பது வருஷம் வெட்டியவர் இரண்டு அறை கேட்டதற்கு இத்தனை.

"வழக்கை நடத்தினா?" என்று நான் கேட்டேன்.

"நடத்தினா நடக்கும். வருஷக்கணக்கா நடக்கும். நடக்கிற வரைக்கும் யாரும் விக்க முடியாது, கல்லைத் தொட முடியாது. ஆனா நீங்க ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து நிக்கணும். ஒரு தடவை பேரைக் கூப்பிட்டு நீங்க இல்லேன்னா எதிர்த்தரப்பு இல்லாமலே தீர்ப்பாயிடும். உங்க அண்ணன் எதிர்பார்க்கறது அதைத்தான். அப்புறம், நீங்க சம்பாதிக்கற ஆள்னு காட்ட என்ன இருக்கு? வேலை பார்த்த சீட்டு ஏதாவது?"

"மிளகாய்க் கிடங்குல சீட்டா குடுப்பான்?"

"அப்போ இனிமேலாவது பேர் எழுதின கார்டு குடுக்கிற எடமா பாத்து வேலைக்குப் போங்க. நாளைக்கு ஜட்ஜு கேட்டா எடுத்து நீட்ட ஒண்ணு இருக்கணும்." பிறகு அம்மாளைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னார்: "இன்னொண்ணு. இவரு தனியா எழுதிக் குடுத்த ஒரு தாள் இருக்குன்னு கேள்விப்பட்டேன். அது இருக்கக் கூடாது. யார் கையிலயாவது மாட்டினா எல்லாம் போச்சு. எரிச்சுடறது நல்லது."

அம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார். அந்தத் தாள் அதற்குள்தான் இருந்தது.

"எரிக்க மாட்டேன்" என்றார். "கோர்ட்டு அதைக் கேக்க வேணாம். நீங்களும் கேக்க வேணாம். இந்த ஒலகத்துல என் பேரும் அந்த மண்ணும் ஒண்ணா இருக்கறது அந்த ஒரு காகிதத்துலதான். நான் எடுத்துப் படிச்சுப் பாத்துக்கறேன்."

வக்கீல் மறுபடி பஜ்ஜியை எடுத்தார்.

கீழே இறங்கியதும் சைக்கிள் கடை வாசலில் நின்றோம். ராஜிக்குக் கையெழுத்துப் போடமாட்டேன், வழக்கை நடத்துகிறேன் என்று சொன்னேன். வக்கீல் சொன்னதைக் கேட்ட பிறகு அவரும் பாதிப் பேச்சை எடுக்கவில்லை.

"இருப்பியா?" என்று கேட்டார்.

இருப்பேன் என்று சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. அதுவரை நான் எங்கேயும் இருந்ததில்லை. "தெரியாதும்மா. நாளைக்குக் காலைல திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல வேலை கேக்கப் போறேன்" என்றேன்.

அவர் தலையாட்டினார். நன்றி என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. என்மேல் இருந்த கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை, நடையில் தெரிந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எஸ்டேட்டில் வரிசையாக ஒவ்வொரு கேட்டாகக் கேட்டுக்கொண்டு போனேன். ஆள் வேண்டாம் என்றார்கள், தெரிந்தவர் சிபாரிசு வேண்டும் என்றார்கள். ஆறாவதோ ஏழாவதோ ஒரு முலாம் போடும் ஷெட். நட்டு, போல்ட்டுகளை ஆசிட் தொட்டியில் முக்கிக் கழுவி, துத்தநாக முலாம் ஏற்றும் இடம். வாசலிலேயே மூக்கு எரிந்தது. அங்கே ஆட்கள் இரண்டு மாதத்துக்குமேல் நிற்பதில்லையாம், அதனால் எப்போதும் ஆள் எடுப்பார்கள். முதலாளியே தொட்டிப் பக்கம் நின்று கொக்கியில் போல்ட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தார்.

"பேர் போட்ட கார்டு குடுப்பீங்களா?" என்று முதலில் அதைத்தான் கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சம்பளம் கேப்பாங்க, டீ கேப்பாங்க. கார்டு கேக்கறவனை இப்போதான் பாக்கறேன். குடுக்கறேன். வேற?"

"மாசத்துல ஒரு நாள், சில மாசம் ரெண்டு நாள் லீவு வேணும். கோர்ட்டுக்குப் போவணும்."

"இன்னா நைனா கேசு? கொலையா?"

"நெலம்."

"நெலமா? கொலைன்னாக்கூட சீக்கிரம் முடியும்." அவர் கொக்கியை என்னிடம் நீட்டினார். "வாய்தாவுக்கு மொத நாளே சொல்லிடணும். அங்க ரப்பர் கை உறை கீது, ஓட்டை இல்லாததா பாத்து எடுத்துக்கோ. ஆசிட் மேல பட்டா தேய்க்காத, மொதல்ல தண்ணி ஊத்து."

இடது கை உறைகள் எல்லாமே ஓட்டையாக இருந்தன. இருந்ததில் நல்லதாக ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.